கற்கண்டு நிறைந்திருந்த வீடு

ஷாகிராவைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் கெட்டிக்காரி என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். கெட்டிக்காரியாக இருந்தால் ஒரு வேலையைத் தொடங்கும் முன்னால் யோசித்திருப்பாள். இவள் யோசிக்கவே இல்லை. வாசலில் மூங்கில் கூடைகள் கிடந்தன. அவற்றைக் குதிரை தின்னத் தொடங்கியது. அதனால் எடுத்து உள்ளே வைத்தாள். பழக்கூடை வியாபாரம் அப்படித்தான் தொடங்கியது.

அவள் புருஷன் குலாம் ரசூல் ஜட்கா ஓட்டினான். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் பாய்மார் வீடுகள் ஏழெட்டு, நடுவில் எங்கள் குடிசை ஒன்று. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷத்தில், எழும்பூருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு வருவதற்கே அவனுக்கு நேரம் போதவில்லை. லஸ் மூலையில் பழக்கடை வைத்திருந்த ஒருவர் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பும்போது, கூலிக்குப் பதிலாகக் காலிக் கூடைகளை வண்டி நிறைய ஏற்றிவிட்டார். குலாம் ரசூல் வாதாடத் தெரியாதவன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அப்புறம் ஊரில் ஆளே இல்லை. சவாரியும் இல்லை. குதிரைக்கு மட்டும் பசி இருந்தது.

ஷாகிராவின் அப்பா தர்காவில் நடக்கும் சந்தனக்கூட்டுக்கு ஜிகினாக் காகிதம் வெட்டி ஒட்டுகிறவர். கல்யாண மாப்பிள்ளைக்கு முகத்தில் தொங்கவிடும் பூச்சரத்தில் ஜரிகை சேர்க்கிற வேலையும் செய்வார். அந்தக் கை அவளுக்கும் வந்திருந்தது. உள்ளே எடுத்து வைத்த கூடைகளில் ஒன்றுக்குச் சும்மா இருக்கிற நேரத்தில் பட்டக் காகிதம் ஒட்டினாள். ஓரத்துக்கு ஜிகினாவில் பல் வெட்டினாள். நடுவில் நாலு கொய்யாப்பழம் வைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. கொய்யாப்பழத்தைத் தின்றுவிட்டுக் கூடையை ஆணியில் மாட்டிவிட்டாள்.

நான் அப்போது மந்தைவெளியில் ஒரு குமாஸ்தா வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரக் கம்பெனி குமாஸ்தா. இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று துரையை அடையாற்று பங்களாவில் போய்ப் பார்த்து எலுமிச்சம்பழம் கொடுத்து வணங்கிவிட்டு வருவது அந்தக் காலத்து வழக்கம். எல்லாரும் எலுமிச்சம்பழம் கொடுத்தால் துரைக்கு யார் எவன் என்று எப்படித் தெரியும் என்று அந்த மனுஷர் வருஷா வருஷம் புலம்புவார். ஆணியில் மாட்டியிருந்த கூடையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதில் ஆரஞ்சும் மலைவாழையும் அடுக்கி, உச்சியில் அதே எலுமிச்சம்பழத்தை வைத்துக் கொடுத்தாள் ஷாகிரா. துரைசானி கூடையைக் கையில் வாங்கிப் பார்த்தாளாம். அது போதாதா? அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியில் பாதிப் பேர் எங்கள் சந்துக்கு வந்தார்கள்.

அப்படியே பரவியது. பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களைப் பார்க்கப் போகிறவர்கள், மாம்பலத்தில் புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் என்று வந்தார்கள். வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படியேறக் கூடாது என்கிற எண்ணம் இந்த ஊரில் எல்லா ஜாதிக்கும் உண்டு. அதுதான் அவளுக்கு முதல்.

குலாம் ரசூல் விடிந்ததும் கொத்தவால்சாவடிக்குப் போய்ப் பழமும் கூடையும் வாங்கி வருவான். குதிரைக்குப் போடுகிற வைக்கோலில் நல்லதாகப் பொறுக்கி அடியில் மெத்தை போடுவாள் ஷாகிரா. குதிரை அவளை முறைத்துக்கொண்டு நிற்கும். கனமான பழம் கீழே, மெல்லிய தோல் பழம் மேலே. வாழைச் சீப்பின் காம்பு வெளியே தெரியக் கூடாது. நிக்காஹ் வீட்டுக்குப் பச்சைக் காகிதம், சாந்தோமில் ஆரோக்கியமேரி வீட்டுக் கிறிஸ்துமஸ் கூடைக்குச் சிவப்பு. அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு தடவை வெள்ளைக் காகிதம் சுற்றிவிட்டாள். வீட்டுக்காரர்கள் கூடையை வண்டியை விட்டு இறக்கவே விடவில்லை. அதற்கப்புறம் எந்த வீடானாலும் வழக்கம் என்ன என்று கேட்டுக்கொண்டுதான் காகிதத்தை எடுப்பாள்.

அவள் கேட்க மாட்டாள், குலாம் ரசூல் கேட்டுக்கொண்டு வருவான். அவள் கோஷாப் பெண். சந்து முனையைத் தாண்டினால் திரை போட்ட ஜட்காவுக்குள்தான். ஆகவே வீடுகளில் சொல்வது அவன் காதில் விழுந்து, அவன் வாயால் அவளுக்கு வந்து சேரும். வியாபாரம் முழுக்க அந்த ஒரு காதை நம்பித்தான் நடந்தது.

ஜப்பான் சண்டை முடிந்தும் ரேஷன் கார்டு முடியவில்லை. அரிசிக்குக் கார்டு, சர்க்கரைக்குக் கார்டு. பழம் விலை ஏறியது. கூடை கொடுக்கிறவர்கள் எலுமிச்சம்பழத்துக்கே திரும்பினார்கள். வாணியம்பாடியில் குலாம் ரசூலின் தம்பி இனாயத் தோல் கிடங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தான். வண்டியை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு, வேலை இருக்கிறது என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினான். குலாம் ரசூலுக்குப் பாதி மனசு. ஷாகிராவுக்கு மனசே இல்லை. தோல் நாற்றத்தில் தன்னால் சோறு தின்ன முடியாது என்றாள். இங்கே பட்டினி கிடந்தாலும் சோறு தின்ன முடியாது என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் ரொம்ப நாள் இதையே பேசினார்கள்.

அப்போதுதான் மாட வீதி வக்கீல் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். சம்பந்திகள் தங்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு கூடை வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. சமைத்த பண்டமாக இருந்தால் பாய் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்காது. பழத்துக்குத் தீட்டு இல்லை என்று வக்கீல் வீட்டுச் சுலோச்சனா மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். புருஷனும் பெண்சாதியும் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தால் மாட வீதிகள் நாலும் கையில் இருக்கும், மயிலாப்பூரிலேயே இருந்துவிடுவது. பேர் கெட்டால் குதிரையை விற்றுவிட்டு வாணியம்பாடி. என் எதிரில்தான் பேசினார்கள்.

கூடையில் பழத்தோடு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பொட்டலம் கற்கண்டு இருக்க வேண்டும் என்பது மாமியின் கட்டளை. கற்கண்டு கடையில் கிடைக்காது. கல்யாணத்துக்கு என்று எழுதிக் கேட்டு வாங்குகிற சர்க்கரையோடு கற்கண்டையும் வக்கீல் வீடே வாங்கிக் கொடுத்துவிடும் என்று பேச்சு. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஷாகிரா புருஷனை அனுப்பி, கற்கண்டைக் கொடுத்தால் பொட்டலம் கட்டிவிடலாம் என்று கேட்கச் சொன்னாள்.

போய்விட்டு வந்தான். மாமி சொன்னதை அப்படியே சொன்னான்.

"கல்கண்டு நெறஞ்சிருக்காம். உன்னியே பாத்துக்கச் சொன்னாங்க."

ஷாகிராவின் முகம் மாறிவிட்டது. ஊரே கார்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. இவர்கள் வீட்டில் நிறைந்து வழிகிறதாம், வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"நான் இன்னாத்துக்குப் போய்ப் பாக்கணும்? நான் சக்கரய கண்டதில்லியா?" என்றாள். "அவுங்க வீட்டுக் கல்கண்ட அவுங்களே போட்டுக்கட்டும். நம்ம வேலை கூடை, அத்தோட சரி."

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுச் சகினா பீவி வந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அவள் மகள் ஜஹீதாவுக்கு நிக்காஹ். சபையில் கொடுக்கக் கற்கண்டு இல்லாமல் சந்து முழுக்கக் கேட்டுக்கொண்டு அலைந்தாள். ஷாகிரா மனசில் இருந்த ஆத்திரத்தில், வக்கீல் வீட்டில் நிறைந்து கிடக்கிறது, போய்க் கேள் என்று சொல்லிவிட்டாள். சகினா பீவியிடம் ஒன்றைச் சொன்னால் அதற்குமேல் தமுக்கு அடிக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கூடைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தான் குலாம் ரசூல். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள் என்றான். ஷாகிரா அன்றைக்குத்தான் காலை நீட்டி உட்கார்ந்தாள். சாயங்கால ரயிலில் சம்பந்திகள் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

உச்சி வேளைக்கு வக்கீல் வீட்டுச் சமையல்காரன் கிச்சா சந்துக்குள் வந்தான். மேல்துண்டால் விசிறிக்கொண்டே வந்தான். கூடை ஒன்றிலும் கற்கண்டைக் காணோம், மாமி கொதித்துக்கொண்டிருக்கிறாள் என்றான். அது மட்டும் இல்லை, கொல்லைப்புற வாசலில் பாய்மார் பொம்மனாட்டிகள் பாத்திரத்தோடு வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்றான்.

"கல்கண்டு உங்க வீட்லதான் நெறஞ்சி கீதே" என்றான் குலாம் ரசூல்.

கிச்சா தலையில் கையை வைத்துக்கொண்டான். "நெறஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம்யா. எங்களவா ஆத்துல மங்களமான வஸ்துவை இல்லேன்னு சொல்ல மாட்டா. மஞ்சளோ குங்குமமோ தீந்தா நெறஞ்சிருக்கும்பா. மனுப் போட்டதுக்குச் சர்க்கரைதான் கொடுத்தான், கல்கண்டு கொடுக்கலை. அதான் உன் ஆம்படையாளையே எங்கேயாவது பாத்து வாங்கிக்கச் சொன்னா. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சா நான் ஏன்யா ஜட்கா ஓட்டறேன்?"

திரைக்குப் பின்னாலிருந்து ஷாகிரா கேட்டாள். "தீந்ததுக்கு நெறஞ்சிதுன்னா, நெஜமாவே நெறஞ்சிருந்தா இன்னான்னு சொல்லுவாங்க?"

கிச்சா கொஞ்சம் யோசித்தான். "கார்டு வந்ததுலேர்ந்து அதுக்கு வேலையே வரலை" என்றான்.

எனக்கும் அதுவரை அந்த வழக்கம் தெரியாது. எங்கள் வீடுகளில் இல்லை என்றால் இல்லை என்போம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றால் எங்களுக்குப் பேச்சே கிடையாது.

குலாம் ரசூல் குதிரையைப் பார்த்தான். அவன் மனசில் வாணியம்பாடி வந்துவிட்டது என்று தெரிந்தது. ஷாகிரா புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதுவரை எந்த வாடிக்கை வீட்டுக்கும் அவள் போனதில்லை. வண்டியில் திரையைக் கட்டச் சொல்லிவிட்டு, "தேவானை, நீயும் ஏறு" என்றாள். ஏறினேன்.

வக்கீல் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சகினா பீவி முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், கையில் கிண்ணமும் போசியும். யாரும் சண்டை போடவில்லை. படியில் மாமி மடிசாரோடு நின்றுகொண்டு, நிறைந்திருக்கிறது அம்மா, போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்று பதவிசாகச் சொன்னாள். நிறைந்திருக்கிறது என்றுதானே வந்தோம், கொஞ்சம் போல் கொடுங்கள், கார்டில் வந்ததும் திருப்பிவிடுகிறோம் என்று இவர்களும் பதவிசாகச் சொன்னார்கள். மாமி மறுபடி நிறைந்திருக்கிறது என்றாள். இவர்கள் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்கள். எவ்வளவு நேரமாக இது நடந்ததோ தெரியாது. மாமிக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. உள்ளே கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஷாகிரா ஆண்பிள்ளைகள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு முகத்திரையைத் தூக்கினாள்.

"மாமி, நான்தான் கூடைக்காரி. கல்கண்டு கீதா, இல்லியா?"

"நெறஞ்சிருக்குன்னு அன்னைக்கே சொல்லி அனுப்பிச்சேனே."

"அது எங்களுக்குப் புரியலீங்க. ஒரே வார்த்தையா சொல்லுங்க."

"கல்யாண ஆத்துல நின்னுண்டு அந்த வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன்."

"வாயால வாணாம். தலைய ஆட்டுங்க."

மாமி உள்ளே திரும்பி ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தலையை இப்படியும் அப்படியுமாக ஒரே ஒரு முறை அசைத்தாள்.

ஷாகிரா அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினாள். "நை" என்றாள்.

அவர்கள் பாஷையில் இல்லை என்பதற்கு அதுதான் வார்த்தை. அந்த ஒரு சொல்லுக்குக் கூட்டம் கலைந்தது. சகினா பீவி மட்டும் போகும்போது உருதுவில் ஷாகிராவுக்கு நாலு வார்த்தை கொடுத்தாள். ஷாகிரா வாங்கிக்கொண்டாள். தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

"அவாகிட்ட என்ன சொன்னே இப்போ?" என்று மாமி கேட்டாள்.

"நீங்க சொல்ல மாட்டேன்னீங்களே, அத்த எங்க பாஷையில சொன்னேன்."

"உங்க பாஷையில சொன்னா தோஷமில்லையோ?"

"அது உங்க சாமியத்தான் கேக்கணும்."

மாமிக்குச் சிரிப்பு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். வந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் சம்பந்திகள் வந்து கூடையைப் பார்த்தால் என்ன பதில் சொல்வது, கேட்டுவிட்டுக் கட்டக் கூடாதா, இனிமேல் மாட வீதியில் யார் உன்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டாள். குலாம் ரசூல் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஷாகிரா அவனைக் கூப்பிட்டு, குதிரைக்குச் சளி பிடித்தபோது மருந்தில் கலக்கப் பனங்கற்கண்டு வாங்கினாயே, அந்தக் கடையில் இருப்பதை எல்லாம் வாங்கிக்கொண்டு வா என்றாள். பனங்கற்கண்டுக்குக் கார்டு கிடையாது.

மாமிக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வெள்ளைக் கற்கண்டுதான் வைப்பது. பழுப்பு நிறத்தில் வைத்தால் கும்பகோணத்துக்காரர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"பொட்லத்துக்குள்ள இன்னா கலருன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் ஷாகிரா.

"பிரிச்சா தெரியாதா?"

"நான் கட்டற கட்டைப் பிரிக்கறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிரும்."

மாமி மாட்டுக் கொட்டிலைக் காட்டி, அங்கே உட்கார்ந்துகொள், கிச்சாவை இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். குலாம் ரசூல் வாங்கி வந்ததை முறத்தில் கொட்டித் தூசு நீக்கினேன். ஷாகிரா பட்டக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கற்கண்டை நிரப்பி, வாயை மடித்து, மேலே ஜிகினாவைப் பூ மாதிரி முறுக்கி நூலால் இறுக்கினாள். பசுமாடு ஒரு கூம்பை நக்கிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டோம். மாமி இரண்டு தடவை தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து, தொடாமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள். விளக்கு ஏற்றுவதற்குள் எல்லாக் கூடையிலும் கூம்பு நின்றது. சம்பந்திகள் தங்குவதற்குப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

தாலி கட்டும்வரை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று அவள் சொன்னது நடக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர். வயதானவர், ரயிலில் வந்த களைப்பு. உட்கார்ந்ததும் கூம்பைப் பல்லால் கடித்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் வாசலில் கால் கழுவத் தண்ணீர்ச் சொம்போடு அங்கேதான் நின்றேன்.

"இதென்ன, பனங்கல்கண்டா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் கூடையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

சுலோச்சனா மாமி வாசற்படியில் நின்றாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"மெட்ராஸ்ல இப்போ இதான்" என்றாள்.

பெரியப்பா வாயில் இருந்ததை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். அப்படியா என்றார். பட்டணத்து வழக்கம் தெரியாதவர்கள் என்று பேர் வாங்க அவர்களில் யாருக்கும் விருப்பமில்லை. கும்பகோணத்திலும் இப்போது சில வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒரு அம்மாள் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

நான் சந்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். குலாம் ரசூல் எழுந்து போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான். ஷாகிரா மிச்சம் இருந்த பனங்கற்கண்டையும் நாலு கூம்பையும் எடுத்துக்கொண்டு சகினா பீவி வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் அன்றைக்கே பேசிவிட்டார்கள். ஜஹீதாவின் நிக்காஹில் சபைக்குக் கொடுத்ததும் பழுப்புக் கற்கண்டுதான்.

ஆனாலும் குலாம் ரசூலுக்குப் பயம் போகவில்லை. அன்றைக்கு மாமி சொன்னது சம்பந்திகளுக்காகச் சொன்னது, மாமி மறுபடி கூப்பிட்டால்தான் நம்புவேன் என்று பிடித்த பிடியில் நின்றான். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வக்கீல் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. மாட வீதிக் கல்யாணம் இரண்டு வேறு யாருக்கோ போயிற்று. இனாயத் மறுபடி சொல்லி அனுப்பினான். குதிரையை ஒருவன் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான். ஷாகிரா பார்க்காதது மாதிரி காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடி கழிந்து, பெண்ணுக்கு வளைகாப்பு என்று கிச்சா வந்து சொன்னான். குலாம் ரசூல் அப்போதே வண்டியைக் கட்டிக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பினான். சந்து முனையிலேயே குரல் கேட்டது. நாங்கள் வெளியே வந்தோம்.

"மாமி இன்னா சொன்னாங்க?" என்றாள் ஷாகிரா.

"வெத்தலை இருக்காம். பாக்கு இருக்காம். பழம் நம்மளையே வாங்கிக்கச் சொன்னாங்க." அவன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். "கல்கண்டு நை-ன்னாங்க."

"அவுங்க வாயாலயா?"

"அவுங்க வாயாலதான்."

ஷாகிரா உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் இறங்கக்கூட இல்லை. பனங்கற்கண்டு கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.